எஸ்க்யூஎல் ஆல்கெமியில் ஒரு கிளாஸின் பண்புகளை எங்கே கேட்டு அறிவது

பைத்தானில் எஸ்க்யூஎல் ஆல்கெமியைக் கொண்டு தரவுத்தளத்தோடு வேலை செய்கிறவர்களுக்கு ஏதோ ஒரு நாளில் இந்தக் கேள்வி வந்தே தீரும்: இந்தக் கிளாஸில் என்னென்ன பண்புகள் இருக்கின்றன, அவற்றுள் எவை அட்டவணையின் நெடுவரிசைகள், எவை வேறு கிளாஸ்களுக்குப் போகும் உறவுகள், எவை பைத்தானில் மட்டும் நடக்கும் கணக்குகள்? பதிவுகளை சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுக்கும்போதும், படிவங்களைத் தானாகவே உருவாக்கும்போதும், யார் எதை மாற்றினார்கள் என்று பதிவேடு எழுதும்போதும் இதற்கு விடை தெரியாமல் ஓரடியும் நகர முடியாது. விடையைச் சொல்லக்கூடிய இடங்கள் நான்கைந்து இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்பவை என்பதை அறியாமல் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொள்வதால்தான் தவறுகள் நேர்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒரு திருத்தப் பதிவேட்டில் இது நேர்ந்தது. பொருளின் ‘__டிக்ட்__’ என்னும் அகராதியை அப்படியே எடுத்து எழுதிவிட்டால் எல்லாப் பண்புகளும் வந்துவிடும் என்று நம்பினேன்; சோதனைகள் எல்லாம் தேறின; ஆனால் நடைமுறைக்கு வந்தபின் பதிவேட்டின் வரிகள் வெறுமையாக இருந்தன. செஷன் (தரவுத்தளத்தோடு நடக்கும் வேலைகளைக் கவனித்துக்கொள்ளும் பொருள்) ‘கமிட்’ ஆனவுடன், அதாவது மாற்றங்கள் தரவுத்தளத்தில் உறுதியானவுடன், பொருளின் மதிப்புகள் காலாவதியாக்கப்பட்டு அகராதியிலிருந்து நீக்கப்படுகின்றன என்பதும், ‘எக்ஸ்பயர்_ஆன்_கமிட்’ என்னும் அந்த ஏற்பாடு இயல்பாகவே இயக்கத்தில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தும் அங்கே நினைவுக்கு வரவில்லை. சோதனையில் தேறியதற்குக் காரணம், பதிவேட்டை அழைப்பதற்கு முன் தலைப்பு சரியாக இருக்கிறதா என்று ஒரு வரியில் பார்த்திருந்தேன். காலாவதியான பண்பு ஒன்றைத் தொட்டாலே மற்ற நெடுவரிசைகளும் சேர்ந்து தரவுத்தளத்திலிருந்து திரும்ப வந்துவிடுகின்றன. என் சரிபார்ப்பே பிழையை மூடி மறைத்துவிட்டது.

ஆகவே பொருளின் அகராதியைக் கேட்காதீர்கள். ‘டிர்’ என்னும் பைத்தான் செயற்கூறும் உதவாது. அது மெத்தட்கள், ‘மெட்டாடேட்டா’, ‘ரெஜிஸ்ட்ரி’ என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டிவிடும். கேட்க வேண்டிய இடம் மேப்பர், அதாவது ஒரு கிளாஸை அட்டவணையோடு பிணைத்து (‘மேப்’ செய்து) வைத்திருக்கும் பொருள்.

மேப்பரைப் பெறுதல்

மைக் பேயர் உருவாக்கிய எஸ்க்யூஎல் ஆல்கெமியின் முதல் பதிப்பு 2006-இல் வந்தது. இங்கே நாம் பயன்படுத்தப்போகும் ‘இன்ஸ்பெக்ட்’ என்னும் செயற்கூறு 2013-இல் வந்த 0.8 பதிப்பில்தான் சேர்ந்தது. நான் சொல்பவை 2023 ஜனவரியில் வெளிவந்த 2.0 வரிசையை ஒட்டியவை, பெரும்பாலானவை 1.4-லும் பொருந்தும்.

‘இன்ஸ்பெக்ட்’ செயற்கூற்றை எஸ்க்யூஎல் ஆல்கெமியிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டும். பைத்தானின் அடிப்படைத் தொகுப்பிலும் இதே பெயரில் ஒரு மாட்யூல் இருக்கிறது. ஒரே கோப்பில் இரண்டையும் இறக்குமதி செய்தால் பின்னால் வருவது முன்னதை விழுங்கிவிடும். அதனால் நான் எப்போதும் ‘எஸ்ஏ_இன்ஸ்பெக்ட்’ என்று மாற்றுப்பெயர் கொடுத்தே இறக்குமதி செய்கிறேன்.

இந்தச் செயற்கூற்றிடம் எதைக் கொடுக்கிறோமோ அதைப் பொறுத்துத் திரும்பி வருவது மாறும். மேப் செய்யப்பட்ட கிளாஸைக் கொடுத்தால் மேப்பர் வரும். அந்தக் கிளாஸின் ஒரு பொருளைக் கொடுத்தால் ‘இன்ஸ்டன்ஸ்ஸ்டேட்’ என்னும் நிலைக்குறிப்பு வரும். தரவுத்தள இணைப்புகளைத் தரும் என்ஜினைக் கொடுத்தால் தரவுத்தளத்தையே நேரில் பார்த்துச் சொல்லும் ‘இன்ஸ்பெக்டர்’ வரும். மேப் செய்யப்படாத எதையாவது கொடுத்தால் ‘நோஇன்ஸ்பெக்ஷன்அவைலபிள்’ என்னும் பிழை எழும். பிழை வேண்டாம், வெறுமை போதும் என்றால் ‘ரைஸ்எர்’ என்னும் அளவுருவைப் பொய் என்று கொடுக்கலாம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பதிப்பகத்தின் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். பைத்தான் 3 முதல் கிளாஸ்களுக்கும் பண்புகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்க முடியும் என்பதால் கிளாஸின் பெயர் ‘நூல்’ என்றே இருக்கட்டும். அதில் ‘எண்’, ‘தலைப்பு’, ‘தொகுதி’, ‘விலை’, ‘தள்ளுபடி’, ‘ஆசிரியர்_எண்’ ஆகியவை நெடுவரிசைகள். ‘ஆசிரியர்’, ‘பதிப்புகள்’ இரண்டும் உறவுகள். ‘பதிப்பு_எண்ணிக்கை’ என்பது துணைவினவல் ஒன்றைக் கொண்டு காலம் ப்ராப்பர்ட்டியாக எழுதப்பட்டது. (இங்கே ‘காலம்’ என்பது நேரத்தைக் குறிப்பதன்று, ஆங்கிலத்தில் நெடுவரிசைக்கு வழங்கும் சொல்லின் ஒலிப்பு.) ‘விற்பனை_விலை’ ஒரு ஹைபிரிட் ப்ராப்பர்ட்டி, அதாவது பொருளிலும் வினவலிலும் ஒரே கணக்கைச் செய்வது; விலையிலிருந்து தள்ளுபடியைக் கழிக்கிறது. ‘ஆசிரியர்_பெயர்’ ஓர் அசோசியேஷன் ப்ராக்ஸி; உறவின் வழியே ஆசிரியரின் பெயரை எடுத்துத் தருகிறது. பழைய நிரல்கள் உடைந்துவிடாமலிருக்க ‘பெயர்’ என்று ஒரு சினானிமும் இருக்கிறது. அது தலைப்பையே சுட்டும்.

எந்தத் தொகுப்பில் எது இருக்கும்

மேப்பரின் ‘அட்டர்ஸ்’ என்பதைச் சுற்றி வந்தால் நெடுவரிசைகள், உறவுகள், சினானிம், இருந்தால் காம்போசிட்கள் (பல நெடுவரிசைகளை ஒரே மதிப்பாகக் காட்டுபவை) ஆகிய அனைத்தும் வரும். ஆனால் ‘விற்பனை_விலை’யும் ‘ஆசிரியர்_பெயர்’உம் அதில் இருக்கமாட்டா. அவை மேப்பர் பிணைத்த பண்புகள் அல்ல என்பதுதான் காரணம். கிளாஸின் மேல் பைத்தான் டிஸ்கிரிப்டர்களாக, அதாவது படிக்கும்போது எதைத் தருவது என்று தாமே தீர்மானிக்கும் பொருள்களாக, நிற்பவை அவை. அவையும் வேண்டுமானால் ‘ஆல்_ஓஆர்எம்_டிஸ்கிரிப்டர்ஸ்’ என்னும் தொகுப்பைக் கேட்க வேண்டும். அதில் வரும் ஒவ்வொன்றிடமும் ‘எக்ஸ்டென்ஷன்_டைப்’ என்று ஒரு குறிப்பு இருக்கும். அதைப் பார்த்து ஹைபிரிட் எது, ப்ராக்ஸி எது, சாதாரணப் பண்பு எது என்று பிரித்துக்கொள்ளலாம்.

வகை பிரித்தே வேண்டுமென்றால் ‘காலம்_அட்டர்ஸ்’, ‘ரிலேஷன்ஷிப்ஸ்’, ‘சினானிம்ஸ்’, ‘காம்போசிட்ஸ்’ என்று தனித்தனித் தொகுப்புகள் இருக்கின்றன. சிஎஸ்வி ஏற்றுமதிக்கு நான் பரிந்துரைப்பது ‘காலம்_அட்டர்ஸ்’ மட்டுமே. ‘அட்டர்ஸ்’ முழுவதையும் சுற்றி ஒவ்வொரு பெயருக்கும் ‘கெட்அட்டர்’ (பெயரைக் கொண்டு பண்பின் மதிப்பைத் தரும் பைத்தான் செயற்கூறு) அழைத்தால், இன்னும் நினைவகத்துக்கு வராத உறவுப் பண்பைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஒரு வினவல் தரவுத்தளத்துக்குப் போகும். ஆயிரம் நூல்களுக்கு ‘பதிப்புகள்’ என்ற ஒரே பண்பால் மட்டும் ஆயிரம் வினவல்கள் போய்விடும். சினானிமும் சேர்ந்து வருவதால் தலைப்பு இரண்டு முறை அச்சாகும். நூலிலிருந்து ஆசிரியருக்கும் ஆசிரியரிலிருந்து நூலுக்குமாக உறவுகள் எதிரெதிரே நிற்கும் இடத்தில், உறவுகளைத் தொடர்ந்து உள்ளே செல்லும் நிரல் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்தத் தொகுப்புகள் அகராதிபோலத் தோன்றினாலும் ஓரிடத்தில் மாறுபடுகின்றன. சாதாரண அகராதியைச் சுற்றினால் பெயர்கள் வரும். ‘அட்டர்ஸ்’ போன்றவற்றைச் சுற்றினால் பண்புப் பொருள்களே வரும். பெயர் மட்டும் வேண்டுமென்றால் ‘கீஸ்’, பெயரும் பொருளும் வேண்டுமென்றால் ‘ஐட்டம்ஸ்’ என்று வெளிப்படையாகக் கேட்பதே நல்லது. குறிப்பாக ‘ஆல்_ஓஆர்எம்_டிஸ்கிரிப்டர்ஸ்’ தொகுப்பில் ‘ஐட்டம்ஸ்’ தவிர வேறு வழியை நாடாதீர்கள். அசோசியேஷன் ப்ராக்ஸி தன் ‘கீ’ என்று சொல்வது உள்ளுக்குள் தானே ஆக்கிக்கொண்ட ஒரு பெயர், நீங்கள் கிளாஸில் எழுதிய பெயரன்று.

பண்பின் பெயரும் நெடுவரிசையின் பெயரும்

நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் நடந்திருக்கின்றன. ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

நம் ‘நூல்’ கிளாஸில் பண்புகளின் பெயர்கள் தமிழில் இருந்தாலும், அட்டவணையில் நெடுவரிசைகளின் பெயர்கள் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஒரு பெயருக்கு 63 பைட் இடம்தான் தருகிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்வதால் 21 குறியீடுகளுக்கு மேல் போனால் பெயர் வெட்டப்பட்டுவிடும். ஒரு மெய்யெழுத்துக்கே எழுத்தும் புள்ளியுமாக இரண்டு குறியீடுகள் செலவாகும் என்பதை நினைத்தால் இந்த இடம் மிகக் குறைவு என்பது விளங்கும். ஆக, ‘தலைப்பு’ என்னும் பண்பு ‘டைட்டில்’ என்னும் நெடுவரிசையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது.

இப்போது கிளாஸின் ‘__டேபிள்__’ வழியாக அட்டவணையின் நெடுவரிசைகளைச் சுற்றினால் ‘டைட்டில்’ என்ற பெயர் வரும். அந்தப் பெயரைக் கொண்டு பொருளிடம் ‘கெட்அட்டர்’ கேட்டால் அப்படி ஒரு பண்பே இல்லை என்று பிழை எழும். எல்லாப் பெயர்களும் ஒன்றாகவே இருக்கும் திட்டங்களில் இந்த நிரல் ஆண்டுக்கணக்கில் பிழையின்றி ஓடும். ஒருவர் ஒரே ஒரு நெடுவரிசைக்கு வேறு பெயர் கொடுத்த நாளில் உடையும். அப்படிப் பெயர் மாற்ற வேண்டிய கட்டாயமும் வரும். ‘மெட்டாடேட்டா’ என்று ஏற்கெனவே ஒரு நெடுவரிசை இருக்கும் பழைய அட்டவணையை டிக்ளரேட்டிவ் முறையில் (நெடுவரிசைகளைக் கிளாஸுக்குள்ளேயே எழுதும் முறையில்) மேப் செய்தால், அந்தப் பெயர் எஸ்க்யூஎல் ஆல்கெமிக்கே ஒதுக்கப்பட்டது என்று பிழை வரும்; பண்புக்கு வேறு பெயர் வைத்தே ஆக வேண்டும். ‘கிளாஸ்’, ‘ஃப்ரம்’ போன்ற பைத்தான் ஒதுக்குச் சொற்களைப் பெயராகக் கொண்ட நெடுவரிசைகளுக்கும் இதே நிலைதான்.

சரியான முறை எளியது. ‘காலம்_அட்டர்ஸ்’ தொகுப்பில் வரும் ஒவ்வொரு பண்புப் பொருளிடமும் ‘கீ’ என்று கேட்டால் பைத்தான் பக்கத்துப் பெயர் கிடைக்கும்: ‘தலைப்பு’. அதே பொருளின் ‘காலம்ஸ்’ பட்டியலில் இருக்கும் நெடுவரிசையிடம் ‘நேம்’ என்று கேட்டால் தரவுத்தளப் பக்கத்துப் பெயர் கிடைக்கும்: ‘டைட்டில்’. எதிர்த்திசையில், கையில் நெடுவரிசை இருந்து பண்பின் பெயர் வேண்டுமானால் மேப்பரின் ‘கெட்_ப்ராப்பர்ட்டி_பை_காலம்’ மெத்தடிடம் கொடுங்கள். மேப்பரின் ‘காலம்ஸ்’ தொகுப்புக்கும் அட்டவணையின் ‘காலம்ஸ்’ தொகுப்புக்கும் பெயர் ஒன்றே என்றாலும், முன்னது பண்பின் பெயரால் தேடப்படுவது, பின்னது நெடுவரிசையின் பெயரால் தேடப்படுவது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. ‘தொகுதி’ என்னும் சொல்லில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டு இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நிரலில் எழுதும் பெயர்களைப் பைத்தான் என்எஃப்கேசி என்னும் சீர்முறைக்கு மாற்றி ஒரே குறியீடாக ஆக்கிவிடுகிறது. ஆனால் சரமாக வரும் பெயரை அது தொடுவதில்லை. ஆகையால் ஏதோ ஒரு கோப்பிலிருந்து படித்த ‘தொகுதி’ என்ற சரத்தைக் கொண்டு மேப்பரில் தேடினால், கண்ணெதிரே இருக்கும் பண்பு இல்லை என்று விடை வரக்கூடும். ‘யூனிகோட்டேட்டா’ மாட்யூலின் ‘நார்மலைஸ்’ செயற்கூற்றால் சரத்தைச் சீராக்கிவிட்டுத் தேடுங்கள்.

நெடுவரிசையின் விவரங்கள்

நெடுவரிசைப் பொருள் கையில் வந்துவிட்டால் ‘டைப்’, ‘நல்லபிள்’, ‘ப்ரைமரி_கீ’, ‘ஃபாரின்_கீஸ்’, ‘டிஃபால்ட்’, ‘சர்வர்_டிஃபால்ட்’ என்று வேண்டியதெல்லாம் அங்கேயே இருக்கிறது. இரண்டு எச்சரிக்கைகள். ‘டைப்’ பொருளிடம் ‘பைத்தான்_டைப்’ கேட்டால் சில வகைகள் ‘நாட்இம்ப்ளிமென்டட்எரர்’ எழுப்பும். படிவம் உருவாக்கும் நிரலில் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ‘யூனிக்’ என்னும் குறியும் முழு உண்மையைச் சொல்லாது. ஒருமைக் கட்டுப்பாட்டை ‘__டேபிள்_ஆர்க்ஸ்__’ பகுதியில் எழுதியிருந்தால் நெடுவரிசையின் மேல் அது தெரியாது, அட்டவணையின் ‘கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்’ தொகுப்பில்தான் தெரியும்.

‘காலம்ஸ்’ ஒரு பட்டியல் என்பதற்கும் பொருள் இருக்கிறது. ‘மின்னூல்’ என்று ஒரு கிளாஸ் ‘நூல்’ கிளாஸிலிருந்து பிறந்து, தனக்கென்று தனி அட்டவணை வைத்திருந்தால், அதன் ‘எண்’ என்னும் ஒரே பண்பு இரண்டு அட்டவணைகளிலும் உள்ள இரண்டு நெடுவரிசைகளைச் சுமக்கும். முதல் உறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, எந்த அட்டவணையைச் சேர்ந்தது என்று பார்க்காமல் போவது அங்கே தவறாகும். ‘பதிப்பு_எண்ணிக்கை’யும் ‘காலம்_அட்டர்ஸ்’ தொகுப்பில் வந்துவிடும். ஆனால் அதன் பட்டியலில் இருப்பது உண்மையான நெடுவரிசையன்று, பெயரிடப்பட்ட ஒரு கோவை. அதனிடம் ‘நல்லபிள்’ கேட்டால் பிழைதான் கிடைக்கும். உறுப்பு ‘காலம்’ கிளாஸைச் சேர்ந்ததா என்று முதலில் சோதித்துக்கொண்டால், எழுதக்கூடிய நெடுவரிசை எது, படிக்க மட்டுமே ஆவது எது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

உறவுகள்

‘ரிலேஷன்ஷிப்ஸ்’ தொகுப்பில் ஒவ்வொன்றிடமும் ‘மேப்பர்’ என்று கேட்டால் எதிர்ப்பக்கத்து மேப்பரும், அதன் ‘கிளாஸ்_’ வழியாக எதிர்ப்பக்கத்துக் கிளாஸும் கிடைக்கும். ‘டைரக்ஷன்’ என்பது பலவற்றிலிருந்து ஒன்றுக்கா, ஒன்றிலிருந்து பலவற்றுக்கா, பலவற்றிலிருந்து பலவற்றுக்கா என்று சொல்லும். விடையாக வருவது ஒற்றைப் பொருளா பட்டியலா என்று முடிவு செய்ய ‘டைரக்ஷன்’ பார்ப்பவர்கள் உண்டு, அது போதாது. ஒன்றுக்கு ஒன்று என்னும் உறவில், அயல் திறவுகோல் இல்லாத பக்கம் ஒன்றிலிருந்து பலவற்றுக்கு என்றே திசை காட்டும். ஒற்றையா பலவா என்பதைச் சொல்வது ‘யூஸ்லிஸ்ட்’ மட்டுமே. எந்த நெடுவரிசை எதோடு சேர்கிறது என்பதற்கு ‘லோக்கல்_ரிமோட்_பேர்ஸ்’ இருக்கிறது.

கிளாஸ்கள் ஒன்றையொன்று சரமாகப் பெயர் சொல்லி உறவு வைக்கும்போது, அந்தப் பெயர்கள் உடனே தேடப்படுவதில்லை. மேப்பர்கள் கட்டமைக்கப்படும் நேரத்தில்தான் தேடப்படும். ‘அட்டர்ஸ்’ கேட்பதே அந்தக் கட்டமைப்பைத் தூண்டிவிடும். கிளாஸை எழுதி முடித்த அடுத்த வரியிலேயே, மாட்யூல் இறக்குமதியாகிக்கொண்டிருக்கும் நிலையில், பண்புகளைச் சுற்றினால் ‘ஆசிரியர்’ கிளாஸ் இன்னும் வந்திராது. பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பிழை எழும். எல்லா மாட்யூல்களும் இறக்குமதியான பின் ‘கன்ஃபிகர்_மேப்பர்ஸ்’ என்னும் செயற்கூற்றை ஒருமுறை அழைத்துவிட்டு ஆய்வைத் தொடங்குங்கள். எல்லாக் கிளாஸ்களையும் சுற்ற வேண்டுமானால் அடிப்படைக் கிளாஸின் ‘ரெஜிஸ்ட்ரி’யில் ‘மேப்பர்ஸ்’ இருக்கிறது.

பொருளைத் தொடாமல் பார்த்தல்

என் பதிவேட்டுக்கு உண்மையில் வேண்டியிருந்தது இது. ஒரு பொருளை ‘இன்ஸ்பெக்ட்’ செய்து கிடைக்கும் நிலைக்குறிப்பில் ‘அன்லோடட்’ என்று ஒரு கணம் இருக்கிறது. இதுவரை நினைவகத்துக்கு வராத பண்புகளின் பெயர்கள் அதில் இருக்கும். நிலைக்குறிப்பின் ‘அட்டர்ஸ்’ தொகுப்பில் ஒவ்வொரு பண்புக்கும் ‘வேல்யூ’ என்றும் ‘லோடட்_வேல்யூ’ என்றும் இரண்டு வழிகள் உள்ளன. முன்னதைக் கேட்டால், மதிப்பு இல்லாதபோது தரவுத்தளத்துக்குப் போய் எடுத்து வரும். பின்னதைக் கேட்டால் எங்கும் போகாது; இருந்தால் தரும், இல்லாவிட்டால் ‘நோ_வேல்யூ’ என்னும் குறியைத் தரும். பிழைப்பதிவுகளில் பொருளை அச்சிடும் நிரல் எப்போதும் பின்னதையே பயன்படுத்த வேண்டும். செஷனிலிருந்து பிரிந்துவிட்ட பொருளிடம் முன்னதைக் கேட்டால், அச்சிட வந்த பிழையோடு ‘டிடாச்டுஇன்ஸ்டன்ஸ்எரர்’ என்னும் இன்னொரு பிழையும் சேர்ந்துகொள்ளும்.

மாற்றத்தைப் பதிய ‘ஹிஸ்டரி’ உதவும். விலை 250-இலிருந்து 300 ஆனால், சேர்ந்தது 300, நீங்கியது 250 என்று அது சொல்லும். ஆனால் அது ‘ஃப்ளஷ்’ வரைதான், அதாவது மாற்றங்கள் தரவுத்தளத்துக்கு அனுப்பப்படும் வரைதான், உயிரோடிருக்கும். அதற்குப் பின் கேட்டால் 300 மாறாத மதிப்பாக நிற்கும். ஆகவே ‘பிஃபோர்_ஃப்ளஷ்’ நிகழ்வில் படிக்க வேண்டும். இன்னொன்று: ‘கமிட்’ ஆகிக் காலாவதியான பொருளின் விலையைப் படிக்காமலேயே புதிய விலையை எழுதினால், பழைய விலையை எடுத்துவர எஸ்க்யூஎல் ஆல்கெமி தரவுத்தளத்துக்குப் போவதில்லை, நீங்கியது என்னும் இடம் வெறுமையாக இருக்கும். பழைய மதிப்பு கட்டாயம் வேண்டிய நெடுவரிசைக்கு ‘ஆக்டிவ்_ஹிஸ்டரி’ என்னும் அளவுருவை மெய் என்று கொடுங்கள். எழுதும்போது சில நேரங்களில் ஒரு வினவல் கூடும், ஆனால் பதிவேட்டில் பழைய விலை இருக்கும்.

தரவுத்தளத்தோடு ஒப்பிடுதல்

மேப்பர் சொல்வதெல்லாம் நீங்கள் நிரலில் எழுதியது. தரவுத்தளத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதற்கு என்ஜினை ‘இன்ஸ்பெக்ட்’ செய்து, அட்டவணையின் பெயரைக் கொடுத்து ‘கெட்_காலம்ஸ்’ கேட்க வேண்டும். நெடுவரிசைக்கு ஓர் அகராதியாக விடை வரும். அந்தப் பெயர்களையும், மேப்பரின் ‘லோக்கல்_டேபிள்’ நெடுவரிசைகளின் ‘நேம்’களையும் இரண்டு கணங்களாக்கிக் கழித்துப் பார்க்கும் ஒரு சோதனையை எங்கள் திட்டங்கள் எல்லாவற்றிலும் வைத்திருக்கிறேன். பத்து வரிகூட வராது. யாராவது மைக்ரேஷன் (தரவுத்தள அட்டவணையின் அமைப்பை மாற்றும் நிரல்) எழுத மறந்திருந்தால் அது நிறுவலுக்கு முன்பே பிடித்துவிடும். ‘அசிங்க்’ எனப்படும் ஒத்தியங்கா என்ஜினை நேரடியாக ‘இன்ஸ்பெக்ட்’ செய்ய முடியாது. இணைப்பின் ‘ரன்_சிங்க்’ வழியாகவே செய்ய வேண்டும். இன்ஸ்பெக்டர் ஒருமுறை படித்ததை நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால், சோதனையின் நடுவே அட்டவணையை மாற்றினால் ‘கிளியர்_கேஷ்’ அழைத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.